கோழி இறகும் கோடு போட்ட மீனும்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பாஸ்டன் நகரத்துக்குத் தென்கிழக்கே, கேப் காட் என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. மடக்கிய கையைப் போலக் கடலுக்குள் நீட்டிக் கொண்டிருக்கும் மணல் பூமி. அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். விடியற்காலை மூன்று மணி. வீட்டுக்காரர் ஓசைப்படாமல் எழுந்திருக்கிறார். பூனை மாதிரி அடி எடுத்து வைத்துச் சமையலறைக்குள் நுழைகிறார். மனைவி முந்தின நாள்தான் வாங்கி வந்த, பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டியைக் கையில் எடுக்கிறார். கத்தியால் அதன் இரு பக்கமும் துளை போடுகிறார். ரப்பர் வாரைக் கோக்கிறார். ஒட்டியாணம் மாதிரி இடுப்பில் கட்டிக் கொண்டு விடுகிறார்! மார்பு வரை ரப்பர் கால்சட்டை, நெற்றியில் விளக்கு, கையில் ஒன்பதடிக் கோல். கதவைச் சாத்திக் கொண்டு இருட்டில் இறங்கிப் போகிறார்.

மனுஷருக்குச் சித்தப்பிரமை என்று பயப்படாதீர்கள். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரையில் அந்தக் கரையில் இப்படி எத்தனையோ புருஷர்கள் புறப்படுகிறார்கள். பெண்களும் புறப்படுகிறார்கள். எல்லாம் ஒரு மீனுக்காக!

"மீன் சமாசாரமா? நாங்கள் சைவம்" என்று பக்கத்தைப் புரட்டி விட வேண்டாம். இந்த மனிதர்கள் பிடிக்கும் மீனில் பெரும்பாலானவை அடுப்பங்கரைக்கு வருவதே இல்லை. பிடித்த கையோடு தண்ணீரிலேயே விட்டு விடுகிறார்கள். அதிலேதான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது.

அந்த மீனுக்கு ஸ்ட்ரைப்ட் பாஸ் என்று பெயர். கோடு போட்ட பாஸ் என்று அர்த்தம். செல்லமாக ஸ்ட்ரைப்பர் என்பார்கள். வெள்ளிப் பாளம் போன்ற உடம்பு. செவுளிலிருந்து வால் வரையில் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை அடிக்கோல் வைத்துப் போட்டது போல் நேராக ஓடும். நம் ஊர் முகத்துவாரங்களில் அகப்படும் கொடுவாயைப் பார்த்தவர்களுக்கு முகத்தில் கொஞ்சம் ஜாடை தெரியும். முப்பது வருஷம் வரையில் கூட உயிரோடு இருக்கும். 2011-ம் வருஷம் கனெக்டிகட் மாகாணத்துக் கரையோரத்தில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்று 81 பவுண்டுக்கு மேல் நிறுத்தது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கனம்!

இந்த மீனுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று உண்டு. வாஷிங்டன், பால்டிமோர் நகரங்களுக்குப் பக்கத்திலே செஸபீக் என்ற பெரிய விரிகுடா இருக்கிறதே, அதுதான் முக்கியமான தாய் வீடு. நியூயார்க்கை ஒட்டி ஓடும் ஹட்ஸன் நதியும், டெலவேர் நதியும் மற்ற இரண்டு. வசந்த காலம் வந்ததோ இல்லையோ, நம் பெண்கள் பிரசவத்துக்குத் தாய் வீடு போகிற மாதிரி, தாய் மீன்கள் கடலை விட்டு அந்த ஆறுகளுக்குள் ஏறி வருகின்றன. கடலின் ஏற்றம் எட்டுகிற இடம், ஆனால் உப்புக் கரிக்காத இடம், அப்படிப் பார்த்துத்தான் முட்டை இடும். அந்த முட்டை ஆற்றின் ஓட்டத்தில் மிதந்து உருண்டு கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாள் போல் உருண்டால் குஞ்சு வெளிவரும். ஓட்டம் நின்று சேற்றில் அமுங்கி விட்டதோ, மூச்சு முட்டிப் போய்விடும். தொட்டிலை ஆட்டிக் கொண்டே இருக்க வேண்டிய குழந்தை!

பிரசவம் ஆனதும் தாய் மீன்கள் வடக்கே யாத்திரை கிளம்புகின்றன. நியூயார்க், ரோட் தீவு, மாஸசூஸட்ஸ் என்று கரையோரமாகவே போய், மெய்ன் மாகாணம் வரையில் கோடை வாசம். குளிர் வந்தால் திரும்பி, வர்ஜீனியா, வட கரோலினாவுக்கு எதிரே உள்ள கடலில் தங்கும். ஆண் மீன்களில் பல விரிகுடாவை விட்டு அதிக தூரம் போவதில்லை. ஊர் சுற்றுவதெல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான்! முப்பது பவுண்டுக்கு மேற்பட்ட மீன் என்றால் அநேகமாக அது பெண்ணே. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

இனிமேல் நம் தொட்டிக்காரரைப் பின்தொடர்வோம்.

அவர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. கடலைப் பார்த்து எழுந்திருக்கிறார். சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் மூன்றடிதான் வித்தியாசம். மெரீனாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. கேப் காட் விரிகுடாவிலோ அது ஒன்பது பத்தடி! ஆறு மணி நேரத்துக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் நின்ற இடத்தில் குழந்தைகள் சிப்பி பொறுக்குகிறார்கள். பிரூஸ்டர் என்ற ஊரில் வற்றம் வந்தால் கடல் ஒரு மைல் போல உள்ளே வாங்கி விடும்.

கரையோரம் எங்கும் உப்பங்கழிகள், அவற்றின் நடுவே பாம்பு போல் வளைந்த வாய்க்கால்கள். ஏற்றத்தின்போது பொடி மீன்களும் இறாலும் நண்டும் புல்லுக்குள் புகுந்து கொள்கின்றன. வற்றம் ஆரம்பித்ததும் எல்லாம் ஒரே வாய்க்கால் வழியாகக் கடலுக்கு அடித்துக் கொண்டு வரப்படுகின்றன. வாய்க்கால் வாயிலே, ஓட்டத்தின் ஓரமாக, ஸ்ட்ரைப்பர் அம்மாள் காத்திருப்பாள். அலைந்து திரிவானேன்? பந்தியில் உட்கார்ந்தாகிவிட்டது, கடல் பரிமாறுகிறது! எந்தப் பாறைக்குப் பின்னால், எந்த மணல் திட்டின் சரிவில், வற்றத்தின் எத்தனையாவது மணியில் பந்தி நடக்கும் என்று தெரிந்து கொள்வதில்தான் இவர்களுடைய படிப்பு முழுவதும் இருக்கிறது. தெரிந்தவர் வெளியே சொல்ல மாட்டார். மாமியார் ரசப்பொடி இரகசியம் மாதிரி.

பகலில் ஆகாயம் காட்டிக் கொடுத்து விடும். ஆலாக்கள் கூட்டமாக வட்டமிட்டுத் தண்ணீரில் பாய்ந்தால், கீழே ஸ்ட்ரைப்பர்கள் பொடி மீன்களை விரட்டிக் கொண்டு வருகின்றன என்று அர்த்தம். ஆனால் பெரிய மீன் இரவிலேதான் கரைக்கு வரும். அதனால்தான் மூன்று மணிப் புறப்பாடு. இருட்டில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது கண்ணுக்குத் துணை இல்லை, காதுதான். மீன் இரையை உறிஞ்சும் 'சளக்' என்ற சப்தம் கேட்க வேண்டும். சில இரவுகளில் கடலே மின்மினி போல் ஒளி விடும். கயிறு தண்ணீரில் இழுபடும் கோடு கூடப் பச்சையாகத் தெரியும்.

ஆபத்தும் உண்டு. பிரூஸ்டர் மணல் வெளியில் ஒரு மைல் உள்ளே போய் நிற்கிறவருக்கு முன்னால் இருக்கும் கடல் தெரியும். பின்னால் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் ஏறுவது தெரியாது. மூடுபனி வேறு இறங்கி விட்டால் கரை எந்தப் பக்கம் என்பதே மறந்து போகும். அனுபவஸ்தர்கள் சட்டைப் பையில் திசை காட்டும் கருவி இல்லாமல் கிளம்புவதில்லை. ரப்பர் கால்சட்டைக்கு மேல் இறுக்கிக் கட்டும் பெல்ட் அலங்காரத்துக்கு அல்ல. விழுந்தால் தண்ணீர் உள்ளே கொட்டாமல் இருக்க.

சரி, தொட்டி எதற்கு என்று கேட்கிறீர்களா? அதற்கு இந்தத் தூண்டிலின் சூட்சுமம் தெரிய வேண்டும்.

நாம் பார்த்திருக்கும் தூண்டிலில் புழுவோ, ஈயக் குண்டோ, எதுவோ ஒரு கனம் நுனியில் இருக்கும். அதை வீசினால் நூல் பின்னால் ஓடும். இவர்களுடைய தூண்டில் நேர் எதிர். நுனியில் இருப்பது ஒரு முள்ளும், அதில் கட்டிய இறகும் மயிரும்தான். ஊதினால் பறந்து விடும். இதற்கு 'ப்ளை', அதாவது ஈ என்று பெயர். பழைய நாளில் ஆற்று மீனுக்கு ஈ மாதிரி கட்டினார்கள். அந்தப் பெயர் ஒட்டிக் கொண்டு விட்டது. கடலுக்குக் கட்டுவது ஈ மாதிரி இராது, பொடி மீன் மாதிரி இருக்கும். கனமெல்லாம் கயிற்றில்! தடிமனான அந்தக் கயிற்றைக் கோலினால் தலைக்குப் பின்னே வீச வேண்டும். அது பின்னால் முழுவதும் நீண்டு விறைக்கும் வரையில் பொறுத்திருக்க வேண்டும். பிறகு முன்னே. அவசரப்பட்டால் சாட்டை மாதிரி 'படார்' என்று முறிந்து காலடியில் விழும். ஊஞ்சல் தள்ளுகிறவர்களுக்கு இது புரியும். பின்னால் போய் நிற்கும் அந்த ஒரு கணத்துக்கு முன்னால் தள்ளினால் என்ன ஆகும்?

அறுபது எழுபதடி வீசிய கயிற்றைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இறகுக்கு மீனின் துடிப்பைக் கொடுக்க வேண்டும். இழுத்த கயிற்றை எங்கே போடுவது? தண்ணீரில் போட்டால் அலை வாரிக் கொண்டு போகும், காலைச் சுற்றும். ஆகையால் இடுப்பில் தொட்டி! இதற்கென்றே விசேஷமான கூடைகள் கடையில் விற்கின்றன. ஆனாலும் பாத்திரத் தொட்டிக்கு ஈடில்லை என்பது பலருடைய அபிப்பிராயம். விலை குறைவு என்பது அவர்கள் சொல்லாத காரணம்.

இது பலத்தினால் வரும் வித்தை அல்ல, தாளத்தினால் வருவது. அதற்குச் சாட்சி ஒரு பெண்மணி. நியூ ஜெர்ஸி மாகாணத்தில் 1926-ல் பிறந்த ஜோன் வுல்ப் நாட்டியம் சொல்லிக் கொடுத்தவர். 1951-ல் ஆண்களே நிறைந்த தூர வீச்சுப் போட்டி ஒன்றில் இறங்கி, அத்தனை பேரையும் தோற்கடித்தார். 1960-ல் அவர் வீசிய கயிறு 161 அடி போய் விழுந்தது! பெரிய கல்யாண மண்டபத்தில் மணமேடையிலிருந்து எறிந்தால் வாசல் பந்தலைத் தாண்டும் தூரம். பின்னால் தாமே ஒரு பள்ளிக்கூடம் வைத்து நூற்றுக் கணக்கானவர்களுக்கு இந்த வீச்சைக் கற்பித்தார். ஆண்கள் கையால் பலமாக அடித்துக் கெடுப்பதைப் பெண்கள் நிதானத்தால் சரியாகச் செய்து விடுகிறார்கள் என்று நான் சொன்னால் அலுவலகத்தில் சண்டைக்கு வருவார்கள். ஆகவே சொல்லவில்லை.

இறகு கட்டுவது இன்னொரு கலை. பூத் தொடுக்கும் விரல் போல நுணுக்கமான வேலை. மேரிலாந்தில் 'லெப்டி' கிரே என்று ஒருவர் இருந்தார். இடது கைப் பழக்கத்தால் வந்த பெயர் அது. 1950-களின் கடைசியில், செஸபீக் விரிகுடாவின் ஸ்ட்ரைப்பர்களுக்காக அவர் ஒரு 'ஈ' கட்டினார். சேவலின் வெள்ளை இறகுகள் சில, மான் வால் மயிர் ஒரு கொத்து, அவ்வளவுதான். தண்ணீரில் பொடி மீன் போலவே நெளியும். காற்றில் வீசும்போதோ ஒடுங்கி அம்பு மாதிரி போகும். 'ஏமாற்றுக்காரன்' என்று பொருள்படும் 'டிஸீவர்' என்று அதற்கு நாமகரணம் ஆயிற்று. 1991-ல் அமெரிக்கத் தபால் இலாகா அதன் படத்தைப் போட்டு 29 சென்ட் ஸ்டாம்பு வெளியிட்டது. கோழி இறகுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்! லெப்டி கிரே 2018-ல் காலமானார். அவருடைய ஏமாற்றுக்காரன் இன்னும் கடலில் இருக்கிறான்.

இந்த இறகு விஷயத்தில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. இந்தியச் சேவல்களின் கழுத்து இறகு நெடு நாளாகக் கப்பலேறிப் போய் வந்தது. அதைவிடப் பிரசித்தம் நீலகிரி, ஆனைமலைப் பக்கத்துச் சாம்பல் நிறக் காட்டுக்கோழி. அந்தச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு வைத்தது போல் மஞ்சள் பொட்டு இருக்கும். இறகு கட்டுகிற வெள்ளைக்காரர்கள் அதையே மீனின் கண்ணாக வைத்துக் கட்டினார்கள். அதற்காக எத்தனை காட்டுக்கோழிகள் கழுத்தை இழந்தன என்று நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. இன்று 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவைக்குக் காவல்.

சட்டம் என்றதும் ஒரு பழைய கதை. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இந்த மீனைப் பார்த்து மலைத்துப் போனார்கள். அவ்வளவு மலிவு! சாப்பிட்டது போக மிஞ்சியதைச் சோளக் கொல்லைக்கு எருவாகப் போட்டார்கள். 1639-லேயே மாஸசூஸட்ஸ் குடியேற்றத்தில், இந்த மீனையும் காட் மீனையும் எருவாகப் போடக் கூடாது என்று தடை போட வேண்டி வந்தது. 1670-ல் பக்கத்துப் பிளிமத் குடியேற்றம் இன்னொரு சட்டம் செய்தது. கேப் காட் பக்கத்தில் பிடிக்கும் பாஸ் முதலிய மீன்களில் வரும் வருமானத்தைக் கொண்டு ஓர் இலவசப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று! அந்த ஊர்க் குழந்தைகள் அரிச்சுவடி படித்தது இந்த மீனின் காசில்.

இன்னும் ஒரு வேடிக்கை: 1879-ல் நியூ ஜெர்ஸி நதி ஒன்றிலிருந்து நூற்று முப்பது சொச்சம் குட்டி மீன்களைத் தொட்டிகளில் விட்டு, ரயிலேற்றி, அமெரிக்காவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டு போனார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோ பக்கத்தில் தண்ணீரில் விட்டார்கள். மூன்று வருஷம் கழித்து இன்னொரு முந்நூறு. அவ்வளவுதான். இருபதே வருஷத்தில் அங்கே சந்தைக்கு வந்த ஸ்ட்ரைப்பர் வருஷத்துக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல்! அந்த ரயில் பிரயாணிகளின் வம்சம் வடக்கே ஆரிகன் மாகாணம் வரையில் பரவியது. 1948-ல் அங்கே கூஸ் விரிகுடாவில் ஜோ புரூக்ஸ் என்பவர் இறகுத் தூண்டிலில் 29 பவுண்டு 6 அவுன்ஸ் மீன் பிடித்து உலக சாதனை செய்தார். "கடல் மீனை இறகால் பிடிப்பதாவது!" என்று சிரித்தவர்கள் அதன் பிறகு வாயை மூடிக் கொண்டார்கள்.

இப்படி அள்ள அள்ளக் குறையாத மீன் ஒரு நாள் குறைந்தது.

1973-ல் வியாபாரிகள் அட்லாண்டிக் கரையில் பிடித்த ஸ்ட்ரைப்பர் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி பவுண்டு. பத்தே வருஷம்; 1983-ல் அது முப்பத்தைந்து லட்சம். வலைக்காரர்கள் தூண்டில்காரர்களைக் குற்றம் சொன்னார்கள். தூண்டில்காரர்கள் வலைக்காரர்களைச் சொன்னார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஆற்றில் கலக்கும் அசுத்தத்தைச் சொன்னார்கள். 1984-ல் அமெரிக்கக் காங்கிரஸே தலையிட்டுச் சட்டம் போட்டது. 1985 ஜனவரி முதல் தேதி மேரிலாந்து மாகாணம், "ஒரு ஸ்ட்ரைப்பரைக் கூடத் தொடக் கூடாது" என்று உத்தரவு போட்டு விட்டது. தலைமுறை தலைமுறையாக அதையே நம்பி இருந்த வலைக்காரர் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். படகு கரையில் கிடக்க, எத்தனை வீடுகளில் அடுப்பு எரிவது பிரச்னையாகி இருக்கும்!

அப்போது நிபுணர்கள் செய்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதற்கு முந்தின சில வருஷங்களில், 1982-ல் பிறந்த குஞ்சுகள் மட்டும் கொஞ்சம் தேறி இருந்தன. அந்த வருஷத்துப் பெண் மீன்களைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தார்கள். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஒரு தடவையாவது முட்டை இடும் வரையில் கரை நெடுகிலும் யாரும் அவற்றைக் கொல்லக் கூடாது! அந்தப் பெண்கள் வளர வளர, பிடிக்கலாம் என்ற அளவையும் அங்குலம் அங்குலமாக உயர்த்திக் கொண்டே போனார்கள். ஒரு பெண் முட்டை இடும் வயதுக்கு வர நாலிலிருந்து எட்டு வருஷம் ஆகும். ஒரு கரை முழுவதும், பல மாகாணங்கள் சேர்ந்து, 1982-ல் பிறந்த பெண்களுக்குப் பிரசவம் ஆக வேண்டுமே என்று காத்திருந்தது!

செஸபீக்கில் 1954-லிருந்து வருஷா வருஷம் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. கோடையில் குறிப்பிட்ட இடங்களில் கரை வலை இழுத்து, அந்த வருஷத்துக் குஞ்சுகளை எண்ணுவார்கள். இழுப்புக்குச் சராசரி பதினொன்று போல் வருவது வழக்கம். 1989-ல் எண்ணினார்கள்: இருபத்தைந்து! மறு வருஷம் மேரிலாந்தில் தடை தளர்ந்தது. 1995-ல் இந்த மீன் பிழைத்துக் கொண்டு விட்டது என்று அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள்.

இங்கே 'சுபம்' போட்டு விட எனக்கும் ஆசைதான். ஆனால் 2019-ல் வெளிவந்த கணக்கு மறுபடியும் வயிற்றில் புளியைக் கரைத்தது. இந்த மீனின் செழிப்பைத் தாய் மீன்களின் மொத்த எடையைக் கொண்டுதான் அளக்கிறார்கள். ஆண்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை! அந்த எடை அபாய அளவுக்குக் கீழே போய்விட்டது. போதாததற்கு அந்த வருஷம் முதல் செஸபீக்கின் குஞ்சுக் கணக்கும் வருஷா வருஷம் சராசரிக்குக் கீழே. 2023-ல் இழுப்புக்கு ஒன்று என்ற அளவில் வந்தது. குளிர் காலம் சரியாகக் குளிராததும், ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் காரணம் என்கிறார்கள். தொட்டிலை ஆட்ட ஆள் இல்லை. 2029-க்குள் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு.

ஆகவே 2023-லிருந்து திறந்த கடற்கரையில் ஒரு விதி. ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு மீன்தான் வீட்டுக்குக் கொண்டு போகலாம். அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 31 அங்குலத்தை எட்டவும் கூடாது. செஸபீக் விரிகுடாவுக்குள் கணக்கு வேறு. சின்னதை விடச் சொல்வது புரிகிறது. பெரியதை ஏன் விட வேண்டும்? பத்துப் பன்னிரண்டு பவுண்டுத் தாய் சில லட்சம் முட்டை இடும் என்றால், ஐம்பது பவுண்டுப் பாட்டி முப்பது நாற்பது லட்சம் இடுவாள். முன்னெல்லாம் பாட்டியைத்தான் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்து, சுவரில் மாட்டினார்கள்!

விட்டு விட்டால் பாவம் தீர்ந்ததா? அங்கேதான் சங்கடம். விடப்பட்ட மீன்களில் நூற்றுக்கு ஒன்பது இறந்து போவதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சிறிய எண்தான். ஆனால் விடப்படும் மீன்களோ கோடிக் கணக்கில். 2017-ல் இப்படித் 'தர்மம்' செய்து விட்டதில் செத்த மீன்கள், தூண்டில்காரர்கள் சமையலுக்கு எடுத்துப் போனவற்றைவிட அதிகம்! "நான் ஒன்றையும் கொல்வதில்லை" என்று பெருமை பேசினவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்துச் சும்மா இருந்து விட முடியவில்லை. சிலர் தண்ணீர் சூடேறும் ஆடி, ஆவணி மாதங்களில் தூண்டிலைச் சுருட்டி வைத்து விடுகிறார்கள், சூடான தண்ணீரில் களைத்த மீன் பிழைப்பது கடினம் என்பதால். சிலர் அப்படிச் செய்வதில்லை. பொழுதுபோக்குக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளை மாட்டுவது நியாயமா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் 1985-ல் அந்த மீனுக்காகச் சட்டசபைகளில் வாதாடியவர்களில் இந்தத் தூண்டில்காரர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் பெண்ணோ பிள்ளையோ பாஸ்டன் பக்கம் உத்தியோகத்தில் இருந்து, நீங்கள் கோடையில் அங்கே போனால், விடியற்காலை ஒரு நாள் காரில் கடற்கரைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். வாய்க்கால் வாயில் இடுப்பில் தொட்டியோடு நிற்கும் உருவங்களைக் காண்பீர்கள். மீன் அகப்பட்டதும் கோல் வில்லாக வளையும். அதற்குப் பிறகு அவர்கள் செய்வதைக் கவனியுங்கள். விவரம் தெரிந்தவர் மீனோடு விளையாடிக் கொண்டிருக்க மாட்டார், சீக்கிரமாக இழுப்பார். கையை முதலில் தண்ணீரில் நனைப்பார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேல் வழுவழுப்பு போய்விடும். தண்ணீரை விட்டுத் தூக்காமலே, கட்டை விரலை அதன் கீழுதட்டில் கொடுத்துப் பிடிப்பார். முள்ளில் எதிர்ப்பக்கமாக நீட்டும் குட்டி முள்ளை முன்பே இடுக்கியால் நசுக்கி இருப்பார்; ஆகையால் இறகு சுலபமாகக் கழன்று வரும். பிறகு மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்துக் கொண்டு நிற்பார். செவுள் திறந்து மூடும். வால் ஒரு தடவை அசையும். விரலை எடுத்தால், ஒரே சுழிப்பு. கோடுகள் பழுப்புத் தண்ணீரில் கரைந்து போகும்.

நம் கேப் காட் வீட்டுக்காரர் ஏழு மணிக்குத் திரும்பி வருகிறார். மனைவி காப்பி கலந்து கொண்டிருக்கிறாள்.

"எத்தனை?"

"ஒன்று. நாற்பது அங்குலம் இருக்கும்."

"எங்கே?"

"விட்டு விட்டேன்."

அவள் அவருடைய கட்டை விரலைப் பார்க்கிறாள். தேங்காய்த் துருவியில் பட்டது போல் தோல் வழண்டிருக்கிறது. அந்த மீனின் உதடு உப்புக் காகிதமாக இருக்கும். அவர் சொல்வது பொய் இல்லை. பிறகு தொட்டியைப் பார்க்கிறாள். இரு பக்கமும் இரண்டு துளை.

"இந்த வருஷத்தில் இது மூன்றாவது" என்கிறாள்.

அவர் காதில் அது விழவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் ஏற்ற வற்ற அட்டவணையின் முன்னால் நிற்கிறார். கடல் தினமும் ஐம்பது நிமிஷம் பிந்தும். அலாரத்தை மூன்று ஐம்பதுக்குத் திருப்பி வைக்கிறார்.